ஆப்பரேட்டர் சீட்டில் யார்?

சேலத்திலிருந்து கிழக்கே வரும் சாலை அயோத்தியாப்பட்டணத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வாழப்பாடி, ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகிறது. மற்றொன்று மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்கு. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, நடுவில் செம்மண் காடு. இங்கே வீட்டுக்குக் கடைக்கால் எடுப்பதென்றாலும், மேட்டுக்காட்டை மட்டம் செய்வதென்றாலும், ஏரியில் வண்டல் அள்ளுவதென்றாலும் முதலில் வந்து நிற்பது மஞ்சள் நிற வண்டிதான். இந்த வட்டாரத்தில் பலருடைய செல்போனில் ஜே.சி.பி. படம் ஒன்றாவது கிடக்கும். படத்தில் பக்கெட் இருக்கும், குவிந்த மண் இருக்கும், வேட்டியை மடித்துக் கட்டிய வீட்டுக்காரரும் இருப்பார். வண்டியை ஓட்டியவர் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழலாகத் தெரிந்தால் அதிகம்.

செல்போன் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கமல்ல இது. மண் அள்ளும் எந்திரத்தைப் படமெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, அதன் இருக்கையில் உட்கார்ந்து புகழ் பெற்றவர்கள் வேறு ஆட்கள்.

1906 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் தோண்டும் இடத்துக்குப் போனார். பதவியில் இருக்கும்போதே வெளிநாடு சென்ற முதல் அமெரிக்க அதிபர் அவர். அங்கே வெள்ளை உடையும் தொப்பியுமாக 95 டன் எடையுள்ள, புசைரஸ் நிறுவனத்தின் நீராவி மண்வாரி ஒன்றில் ஏறி அமர்ந்தார். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இன்றும் பனாமா கால்வாய் என்றால் பாடநூல்களில் வருவது அதுதான். அந்த இருக்கையில் அன்றாடம் உட்கார்ந்து கற்களை வாரியவரை யாருக்கும் தெரியாது.

நூறாண்டு கழிந்தும் காட்சி மாறவில்லை. 2022 ஏப்ரல் 21 அன்று பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் குஜராத்தில் ஹாலோலில் உள்ள ஜே.சி.பி. ஆலைக்கு வந்து, வண்டியில் தொற்றிக்கொண்டு கையசைத்தார். அதற்கு முந்தைய நாள்தான் டெல்லி ஜஹாங்கிர்புரியில் இதே வகை வண்டிகள் கடைகளை இடித்திருந்தன. இரண்டு படங்களும் அடுத்தடுத்த நாள் நாளிதழ்களில் வந்து பெரும் விவாதமாயின. நம்மூரிலும் தூர்வாரும் பணியைத் தொடங்கிவைக்க வரும் பிரமுகர் கொடியசைப்பார்; சில நேரம் ஏறி உட்கார்ந்து லீவரையும் பிடிப்பார். அந்த நிமிடம் ஆப்பரேட்டர் இறங்கி ஓரமாக நிற்பார், கேமரா எட்டாத இடத்தில்.

கோட்டையை எடுத்தார்கள், மண்ணை எடுக்கவில்லை

சேலம் மாவட்டத்துக்குக் கேமரா மிக முன்பே வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், ராயக்கோட்டையும் சுற்றுவட்டாரமும் அடங்கிய படத்தொகுப்பை 1858இல் வெளியிட்டார். அன்றைய சேலம் மாவட்டம் ஓசூர்ப் பக்கம் வரை நீண்டிருந்தது. டிரைப்பின் கண் போனதெல்லாம் கோட்டை, பாறை, கோயில். சில ஆண்டுகளில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிய ரயில் பாதை சேலத்தைக் கடந்து போனது. மைல் கணக்கில் மண்மேடு போட்டவர்கள் கூடையும் மண்வெட்டியும் ஏந்திய ஆண்களும் பெண்களும். அவர்களுக்கு டிரைப்பைப் போன்ற ஒருவர் வாய்க்கவில்லை.

பனாமாவில் நிலைமை சற்று மேல். எர்னஸ்ட் ஹாலன் என்பவரை 1907இல் கால்வாய் நிர்வாகம் சம்பளம் கொடுத்து அமர்த்தியது. 1937 வரை அவர் வேலை பார்த்தார். எந்த இடம், எந்த நாள் என்று எழுதி ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கிவைத்தார். அலுவலகப் பதிவுக்காக எடுத்தவைதான். ஆனால் எந்த வெட்டு எந்த மாதம் எவ்வளவு ஆழம் போனது என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் அவற்றிலிருந்தே படிக்கிறார்கள்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஒரு புகைப்படக்காரர் எந்திரத்துக்கே பெயர் வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். பெஞ்சமின் ஹோல்ட் தன் நீராவி டிராக்டரின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பட்டைச் சங்கிலி மாட்டிச் சேற்று நிலத்தில் ஓட்டிப் பார்த்தார். படமெடுக்க வந்த சார்லஸ் கிளெமென்ட்ஸ், கம்பளிப்பூச்சி போல ஊர்கிறதே என்றாராம். ஹோல்ட் அதையே பிடித்துக்கொண்டார், கேட்டர்பில்லர் பிறந்தது. இன்று திருவள்ளூரில் அந்த நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருக்கிறது.

பத்திரிகைப் படக்கலையில் எந்திரத்தின் பிரம்மாண்டத்தைக் காட்டும் பாணி 1930களில் கெட்டிப்பட்டது. 1936 நவம்பர் 23 தேதியிட்ட லைஃப் இதழின் முதல் அட்டையில் மார்கரெட் போர்க்-வைட் எடுத்த ஃபோர்ட் பெக் அணையின் கான்கிரீட் கோபுரங்கள் நின்றன. அடியில் இரண்டு பொடி உருவங்கள். கட்டுமானம் எவ்வளவு உயரம் என்று காட்டுவதுதான் அவர்களுக்குரிய வேலை. இந்தியாவில் தொழிற்சாலைப் படங்களுக்குப் பேர்போன மித்தர் பேடியும் (1926-1985) இந்த அளவுகோலை நன்கு அறிந்தவர். ஆனால் போர்க்-வைட் அட்டையோடு நிற்கவில்லை. உள்பக்கங்களில் அணைத் தொழிலாளர்கள் குடியிருந்த கொட்டகை ஊர்களையும், சனிக்கிழமை இரவில் அவர்கள் கூடும் மதுக்கடைகளையும் காட்டினார். அட்டையை நினைவில் வைத்த உலகம் உள்பக்கத்தை மறந்துபோனது.

மண் சுமந்தவர்களை மையத்தில் நிறுத்தியவர் பிரேசிலின் செபாஸ்தியோ சல்காடோ. 1993இல் வந்த அவருடைய ‘தொழிலாளர்கள்’ தொகுப்பில் ராஜஸ்தான் கால்வாய்ப் பணியில் தலைச்சுமையாக மண் தூக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கைவேலைக்கு இப்படி ஒரு பெரிய படைப்பாளி வாய்த்தார். பக்கெட்டும் அதைத் தூக்கும் பூமும் கொண்டு அதே வேலையைச் செய்யும் ஆளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

செய்தியில் வரும் வண்டி

ஜே.சி.பி. நிறுவனம் 1945இல் இங்கிலாந்தில் தொடங்கியது. இந்தியாவுக்கு 1979இல் வந்து, ஹரியானாவின் பல்லப்கரில் ஆலை போட்டது. முன்னால் அகல வாளி, பின்னால் தோண்டும் கை என்ற அதன் வண்டி நம் ஊர்களுக்கு ஒத்துப்போயிற்று. டயர் வண்டி என்பதால் டிரெய்லர் தேவையில்லை. காலையில் ஒரு ஊர், மாலையில் இன்னொரு ஊர் என்று தானே ஓடிவிடும். ஏறத்தாழ ஏழரை டன் எடை. 15 அடிக்குச் சற்று அதிகமாகக் குழி எடுக்கும். பெரிய வேலை என்றால் சங்கிலிச் சக்கரத்தில் நகரும், 20 டன்னைத் தாண்டும் பொக்லைன் வரும்.

சேலம் மாவட்டத்தில் இந்த வண்டிகள் பெருங்கூட்டமாகப் படம் பிடிக்கப்பட்டது 2017இல். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. 83 ஆண்டுகளில் முதன்முறையாக 2017 மே மாத இறுதியில் அதைத் தூர்வாரத் தொடங்கினார்கள். நீர் வற்றிய நிலத்தில் பொக்லைன் அள்ள, டிராக்டர்களிலும் டிப்பர்களிலும் விவசாயிகள் வண்டல் ஏற்றிப் போனார்கள். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் நந்தி சிலையும் வெளியே தெரியும். மூழ்கிய ஊரும் மண் அள்ளும் வண்டியும் ஒரே பரப்பில் நிற்கும் காட்சி படக்காரர்களுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும்.

அடுத்த ஆண்டே அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் எந்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் திடுக்கிட்டார்கள். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக 2018 ஜூனில் போலீஸ் காவலோடு நிலம் அளந்து கல் நட்டார்கள். 277 கிலோமீட்டர் நீளத் திட்டம். குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி, ராமலிங்கபுரம் விவசாயிகள் வயலில் விழுந்து அழுத படங்கள் மாநிலம் முழுக்கப் பரவின. நிலம் எடுக்கும் நடவடிக்கையை 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் நிலம் எடுப்பதற்கான அறிவிக்கை செல்லும் என்றது. இங்கே கேமராவோடு வருபவர் இதை அறிந்திருக்க வேண்டும். ஒருவருக்குக் கடைக்கால் எடுத்துக் கொடுத்த வண்டி, இன்னொருவருக்குத் தென்னையைச் சாய்க்க வரப்போகும் வண்டி.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது நான்கு நாட்கள் தமிழகம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. ரிக் எந்திரம் பாறையில் ஒவ்வோர் அடியாக இறங்குவதை நேரலையில் பார்த்தோம். துளையிடும் வண்டிகளுக்கு நாடு முழுக்கப் பெயர்பெற்ற திருச்செங்கோடு, சேலத்துக்குப் பக்கத்து ஊர். இந்த வேலையின் நுணுக்கம் இங்கே பலருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நான்கு நாட்களில் இரவெல்லாம் லீவரைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் முகத்தையாவது நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

மற்றபடி ஆப்பரேட்டர் செய்தியில் வருவது பெரும்பாலும் குற்றவாளியாகத்தான். அனுமதி இல்லாமல் கிராவல் அள்ளியதாக வண்டி பறிமுதல், டிரைவர் கைது என்று செய்தி வரும். முதலாளி பெயர் பல நேரம் வராது. இடிப்புப் பணியிலும் இதே கதை. வீடுகளை இடிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று நெறிமுறை வகுத்தது: 15 நாள் அவகாசம் தர வேண்டும், இடிப்பதை வீடியோ எடுத்து வைக்க வேண்டும். ஆக, இந்த எந்திரம் வேலை செய்வதைப் பதிவு செய்வது இப்போது சட்டத் தேவையும் ஆகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் எந்திரத்தைத் தவிர்த்துக் கைவேலைக்குத்தான் இடம். வேலைக்கு வந்தவர்களை ஒரு நாளுக்கு இரண்டு முறை செல்போன் செயலியில் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. கூடை தூக்குபவருக்கு ஒரு நாளில் இரண்டு படம். நூறு கூடை மண்ணை ஒரே அள்ளில் எடுப்பவருக்கு ஒன்றும் இல்லை.

எங்கே நிற்பது, எப்போது எடுப்பது

இந்த ஆளைப் படத்துக்குள் கொண்டுவருவது நினைப்பதைவிடச் சிரமம். முதல் தடை கண்ணாடி. வெயிலில் நிற்கும் கேபினின் கண்ணாடியில் வானமும் மண்மேடும் பிரதிபலிக்கும், உள்ளே இருட்டு. கேமராவைத் தானியங்கியில் விட்டால் வண்டி பளிச்சென்று வரும், முகம் கறுத்துப்போகும். முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து, மற்றது கொஞ்சம் வெளுத்தாலும் போகட்டும் என்று விட வேண்டும். போலரைசர் ஃபில்டர் மாட்டித் திருப்பினால் பிரதிபலிப்பு பாதிக்கு மேல் அடங்கும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் சூரியன் சாய்வாக கேபினுக்குள்ளேயே நுழையும். அப்போது எந்த வித்தையும் தேவையில்லை.

ஜே.சி.பி.யில் ஒரு வசதி உண்டு. ஆப்பரேட்டரின் சீட் சுழலும். முன்வாளியால் மண்ணைத் தள்ளும்போது ஸ்டியரிங்கைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். குழி தோண்ட வேண்டுமென்றால் வண்டியின் பக்கக் கால்களைத் தரையில் ஊன்றி நிறுத்தி, சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து உட்காருவார். வெக்கைக்காகப் பின்கண்ணாடியைத் திறந்தும் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் குழியின் ஓரத்திலிருந்து, தோண்டும் கை எட்டாத தூரத்தில் நின்று பார்த்தால் நடுவில் கண்ணாடியே இல்லை. முகம், இரண்டு கை, லீவர்கள், அடியில் மண்ணில் இறங்கும் பல் எல்லாம் ஒரே சட்டகத்தில் கிடைக்கும்.

பொக்லைனில் கதை வேறு. கேபின் இடப்பக்கம் இருக்கும். பூம் அதன் வலப்பக்கத்தை மறைக்கும். வலப்புறமும் பின்புறமும் நிற்பவரை ஆப்பரேட்டரால் சரியாகப் பார்க்க முடியாது. மேல்பாகம் முழு வட்டமாகச் சுழலும் வண்டி என்பதால், பின்னால் துருத்தியிருக்கும் எடைக்கட்டி ஓர் ஆளை நசுக்கிவிடும். படக்காரர் நிற்க வேண்டிய இடம் இடது முன்பக்கம், பூமும் கையும் முழுதாக நீண்டாலும் தொடாத தொலைவு. கிட்டே போக வேண்டுமென்றால் ஒரே வழிதான்: ஆப்பரேட்டரின் கண்ணைப் பார்த்துக் கையுயர்த்த வேண்டும், அவர் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, என்ஜினை அணைத்து, தலையசைத்த பிறகு நடக்க வேண்டும். குழியின் விளிம்பில் நிற்கக் கூடாது. புது வெட்டு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

வேகத்திலும் தேர்வு இருக்கிறது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஷட்டர் வைத்தால் பக்கெட்டிலிருந்து கொட்டும் செம்மண் கட்டி கட்டியாக அந்தரத்தில் நிற்கும். அறுபதில் ஒரு பங்குக்கு இறக்கினால் மண் திரையாக வழியும், அசையாத ஆப்பரேட்டர் மட்டும் துல்லியமாகத் தெரிவார். அயோத்தியாப்பட்டணத்துச் செம்மண்ணில் மஞ்சள் வண்டி எடுப்பாக வரும். சேலத்தின் வடமேற்குப் பக்கம் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் கிடைக்கும் இடங்களில் கேமராவின் அளவி ஏமாந்துபோகும். வெள்ளையைச் சாம்பலாக்கிக் காட்டும். அங்கே ஒரு ஸ்டாப் கூட்டி எடுக்க வேண்டும். லென்ஸைத் திறந்த வெளியில் மாற்றவே கூடாது. அந்தத் தூசு கேமராவுக்குள் போனால் சென்சாரைத் துடைத்து மாளாது.

அவருக்கு எந்தப் படம் வேண்டும்

எடுப்பதற்கு முன் கேட்பதுதான் முறை. “அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது. ஆனால் படம் எதற்கு என்று கேட்பார்கள், சொல்லத்தான் வேண்டும். அனுமதியில்லாத குவாரி, ஏரி மண் விவகாரம் என்றால் சைட் முழுக்க இறுகிவிடும். புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் சட்டவிரோதக் குவாரிகளை எதிர்த்துப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட இடத்தில் எடுக்கும் படம் படக்காரருக்கும் ஆபத்து, கூலிக்கு வண்டி ஓட்டும் ஆளுக்கும் ஆபத்து. புலனாய்வுப் படத்தில் ஆப்பரேட்டரின் முகத்தை மறைப்பதும், உழைப்பைச் சொல்லும் படத்தில் அதைத் தெளிவாகக் காட்டுவதும் இரண்டு வேறு முடிவுகள். வெளியே கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டிய முடிவுகள்.

வேலை தொடங்கும் முன் நடப்பதையும் பார்க்கலாம். ஆப்பரேட்டர் என்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் அளவு பார்ப்பார். பின், புஷ் இருக்கும் மூட்டுகளில் கன் வைத்துக் கிரீஸ் அடிப்பார். பக்கெட்டின் பல்லில் ஆட்டம் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். பிறகு ஹவர் மீட்டரில் எண்ணைக் குறித்துக்கொள்வார். வாடகை மணிக்கணக்கு என்பதால் முதலாளிக்கும் வேலை கொடுப்பவருக்கும் நடுவில் அந்த எண்தான் சாட்சி; ஆப்பரேட்டருக்குக் கிடைப்பது சம்பளமும் பேட்டாவும். லீவர் குமிழில் எழுத்து தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். பொக்லைனில் இடது லீவர் வண்டியைச் சுழற்றும், கையை நீட்டி மடக்கும். வலது லீவர் பூமையும் பக்கெட்டையும் ஆளும். பழகிய கை நான்கையும் ஒரே நேரத்தில் கலந்து ஓட்டும். பைப்பு போகும் இடத்தில் பைப்பில் படாமல் மண்ணை மட்டும் சீவி எடுப்பவருக்குத் தொழிலில் தனி மரியாதை.

ஆப்பரேட்டர்களே எடுத்து ரீல்ஸில் போடுவதும் இதைத்தான். பொக்லைனை டிரெய்லரில் ஏற்றும் காட்சி, சரிவில் மட்டம் போடும் காட்சி, பக்கெட் முனையால் சின்னப் பொருளைத் தொடும் காட்சி. 2019 மே மாதம் ஜே.சி.பி. தோண்டுவதை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை வைத்து நாடெங்கும் மீம்கள் பறந்தன. சிரித்தவர்கள் பார்த்தது கூட்டத்தை, ஆப்பரேட்டரின் ரீல் காட்டுவது கைத்திறனை. பெண்களுக்கும் இது எட்டாத சீட் அல்ல. கொச்சியில் டிரைவிங் பள்ளி நடத்தும் ராதாமணி அம்மா ஜே.சி.பி., கிரேன், ஃபோர்க்லிஃப்ட் உட்பட 11 வகை வண்டிகளுக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். சேலையோடு அவர் லீவர் பிடித்த படம்தான் செய்தியாகப் பரவியது. அந்தச் சீட்டில் இருப்பவரே செய்தியான அபூர்வப் படங்களில் அது ஒன்று.

எடுத்த படத்தோடு பெயர், ஊர், வண்டி மாடல், இடம், தேதி ஆகியவற்றை அவரிடமே கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஹாலனின் படங்கள் நிலைத்தது அந்தக் குறிப்புகளால். வாட்ஸ்அப்பில் அன்றைக்கே அனுப்பிவிடுவது நல்லது. அடுத்த வாரம் அவர் எந்த மாவட்டத்தில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. சைட் சைட்டாக அலைய முடியாதவர்கள் ஆயுத பூஜை அன்று ஷெட் பக்கம் போகலாம். வண்டிகளைக் கழுவி, பக்கெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருப்பார்கள். ஆப்பரேட்டர், ஹெல்ப்பர், மெக்கானிக் எல்லோரும் புதுச்சட்டையில் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். கேட்காமலே தங்கள் வண்டி முன்னால் வந்து நிற்பார்கள். போகும்போது பிரின்ட் போட்டுக் கொடுக்கும் வசதியோடு போனால், அடுத்த சைட்டுக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.